சோற்றுக்கை வேண்டாம்

வக்கீலைப் பார்க்கப் போகும்போது நீலப் புடவை கட்டுவதா, வெள்ளைப் புடவை கட்டுவதா என்று ஃப்ளோரா பெட்டியையே கவிழ்த்துக் கொட்டிவிட்டாள். நீலம் கட்டினால் கல்யாண வீட்டுக்குக் கிளம்பியது போல இருக்கும். வெள்ளை கட்டினால் கேஸ் போடுவதற்கு முன்பே தோற்றுப்போனது போல இருக்கும். கடைசியில் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, தினமும் பூசைக்குக் கட்டிக்கொண்டு போகும் பழுப்புக் கோடு போட்டதையே சுற்றிக்கொண்டாள்.

"அக்கா, பஸ் போயிடும்" என்று வாசலிலிருந்து தம்பி அகஸ்டின் குரல் கொடுத்தான்.

"போனா போகட்டும். அடுத்தது வராதா?"

"கரி பஸ்ஸு அக்கா. வந்தாத்தான் நிச்சயம்."

யுத்தம் பெட்ரோலையெல்லாம் விழுங்கியதிலிருந்து பட்டணத்து பஸ்கள் முதுகில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடின. ஓடின என்று சொல்வது மரியாதைக்காக. பாதி நாள் அவற்றைத் தள்ளியது பிரயாணிகள்தான்.

வெரோனிகா முன்னமே தயாராகி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இடது கை கிடந்தது. மணிக்கட்டுக்கு அடியில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தது. பத்தையை அவிழ்த்தால் கை வாடிய கொடியாகத் தொங்கிவிடும். விரல்களை மடக்க வரும், நீட்ட வராது.

மூன்றே பேர் உள்ள வீடு அது. தாய் தகப்பன் போன பிறகு தம்பியை வளர்த்து ஆளாக்கிக் கல்யாணமும் செய்துவைத்தவள் ஃப்ளோரா. தம்பிக்கு பீச் பக்கம் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலை. அவன் மனைவி வெரோனிகா, கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். இடக்கைக்காரி. சின்ன வயதில் அவளைப் பெற்றவள் அடித்தும் மிரட்டியும் சாப்பாட்டை மட்டும் வலது கைக்கு மாற்றிவிட்டாள். எழுதுவது, வரைவது, ஊசியில் நூல் கோப்பது எல்லாம் இடது கைதான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அவளுக்கு மலேரியா வந்தது. டாக்டர் லியோனார்ட் வீட்டுக்கே வந்து கொயினா ஊசி போட்டார். காய்ச்சல் போயிற்று. கூடவே கையும் போயிற்று. "பலவீனம்தான், தானா சரியாயிடும்" என்றார். ஈஸ்டருக்கு முந்திய தவசு காலமே வந்துவிட்டது. சரியாகவில்லை. ஈஸ்டருக்குள் கரும்பலகையில் வரைய முடியவில்லை என்றால் வேறு டீச்சரைப் பார்த்துக்கொள்வதாகப் பள்ளிக்கூடத்து மதர் பக்குவமாகச் சொல்லிவிட்டார்.

டாக்டர் வேற்று மனிதரும் இல்லை, இவர்கள் கோவில் பங்கைச் சேர்ந்தவர். கோவிலில் இவர்களுக்கு முன்வரிசையில்தான் முழங்கால் போடுவார். போன ஞாயிற்றுக்கிழமை கோவில் படிக்கட்டில் வைத்து டாக்டர் சம்சாரத்தை ஃப்ளோரா பிடி பிடி என்று பிடித்ததும், சாந்தோமே இரண்டு கட்சியாகப் பிரிந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. கேஸ் போட்டே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். அகஸ்டினுக்கு பயம். வெரோனிகாவுக்கோ, யாராவது ஒருவர் தன் பக்கம் நிற்கிறார்களே என்ற ஆறுதல்.

பஸ் ராயப்பேட்டை தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி நின்றது.

"இன்னா நைனா, குந்திக்கினே கீறே? எறங்கி ஒரு கை குடு!" என்றான் கண்டக்டர்.

அகஸ்டின் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். ஃப்ளோரா உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்டக்டருக்கும், கரிக்கும், ஜப்பான்காரனுக்கும் வரிசையாகத் திட்டு வைத்தாள். அவளால் ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியவில்லை. புடவைத் தலைப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடியும் சுருட்டினாள்.

"அண்ணி, வக்கீல் ஒத்துப்பாரா?" என்று வெரோனிகா மெதுவாகக் கேட்டாள்.

"ஏன் ஒத்துக்காம? நான் பேசற பேச்சுல அவரே கறுப்பு அங்கியை மாட்டிக்கிட்டு ஓடிப்போய் நிப்பாரு பாரு."

வெரோனிகா சிரித்தாள். அவள் சிரித்து வெகு நாளாகியிருந்தது. அதைப் பார்த்ததும் ஃப்ளோராவுக்கு எதிர்க்கட்சி வக்கீல் பத்துப் பேர் வந்தாலும் ஒரு கை பார்த்துவிடலாம் போலிருந்தது.

வக்கீல் சண்முகசுந்தரம் பனகல் பார்க்குக்குப் பின்னால் ஒரு தெருவில் குடியிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பட்டணத்துக்கு வந்து இருபது வருஷமாகியும் பேச்சு மட்டும் தாமிரவருணியை விட்டு நகரவில்லை. டாக்டர் மேல் கேஸ் என்றதும் அவர் முகம் சுருங்கியது.

"முதல்லயே சொல்லுதேன். கை போச்சுங்கது ஒண்ணு. டாக்டர் தப்பாப் பண்ணினாருங்கது வேற. கை போனதுக்கெல்லாம் கேஸ் கிடையாது. தப்பாப் பண்ணி, அந்தத் தப்பாலயே கை போயிருக்கணும். அது இருக்கான்னு பாத்துட்டுத்தான் நான் பேனாவைத் தொடுவேன். இல்லன்னா ஒரு நல்ல மனுசன் பேரை நாறடிச்ச பாவம் நமக்கு."

"நல்ல மனுசனா?" என்று ஃப்ளோரா ஆரம்பித்தாள்.

"இருங்கம்மா. கோவத்தை வாசல்ல செருப்போட விட்டுட்டு வாங்க. எனக்கு வேண்டியது யார் எங்க நின்னா, யார் கை என்ன செஞ்சது. அம்புட்டுத்தான்."

அவர் மேஜையில் ஒரு தடித்த சட்டப் புத்தகத்தைப் படுக்கப் போட்டார்.

"இது கட்டில். சுவரு எந்தப் பக்கம்?"

"இடது கைப் பக்கம்" என்றான் அகஸ்டின். "கட்டிலைச் சுவத்தை ஒட்டித்தான் போட்டிருக்கோம் சார்."

வக்கீல் புத்தகத்தின் ஓரமாக ஒரு ரூல் கட்டையை நிறுத்தி வைத்தார். அது சுவர். பேப்பர் வெயிட் டாக்டர் ஆயிற்று. கோந்து புட்டியைத் தூக்கி, "நீங்க எங்கம்மா நின்னீங்க?" என்று ஃப்ளோராவிடம் நீட்டினார்.

நான்தான் கோந்து புட்டியா என்று அவளுக்குச் சுருக்கென்றது. வாங்கித் தலைமாட்டில் வைத்தாள்.

"தம்பி?"

"நான் அடுக்களையில வெந்நீர் வெச்சிக்கிட்டிருந்தேன் சார். சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன்."

"அப்ப ரூம்ல டாக்டர், நோயாளி, நீங்க. மூணே பேர். சரி, ஊசி எங்க குத்தினாரு?"

வெரோனிகா இடது மேல்கையின் வெளிப்புறத்தைத் தொட்டுக் காட்டினாள். "குத்தினதும் மின்னல் மாதிரி கட்டைவிரல் வரைக்கும் இறங்குச்சு சார். கத்தினேன்."

"கை எப்ப தொங்குச்சு? அன்னைக்கேவா, ரெண்டு நாள் கழிச்சா?"

"அப்பவே. தண்ணி டம்ளரைப் பிடிக்கப் போனேன், மணிக்கட்டு மடங்கிப்போச்சு."

வக்கீல் முதன்முதலாக நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேற டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"ஒரு பெரிய டாக்டர்கிட்ட காட்டினோம் சார்" என்றான் அகஸ்டின். "ஊசி நரம்புல பட்டிருக்குன்னு வாயால சொன்னாரு. எழுதித் தாங்கன்னா மாட்டேன்னுட்டாரு."

"தரமாட்டாரு. ஒரு டாக்டரை எதுத்து இன்னொரு டாக்டர் கூண்டுல ஏற மாட்டாரு. அதனால வீட்டுச் சாட்சி கல்லு மாதிரி நிக்கணும்." ஃப்ளோராவின் பக்கம் திரும்பினார். "அவங்க கத்தினதும் டாக்டர் என்ன செஞ்சாரு?"

இதற்காகத்தானே அவள் இத்தனை நாளாகக் காத்திருந்தாள்! மடை திறந்தது போல வந்தது. "நிறுத்தவே இல்ல சார். கடைசிச் சொட்டு வரைக்கும் ஏத்தினாரு. மனுசனா இருந்தா அந்தக் கத்தலுக்குக் கை நடுங்காது? கொயினா எங்கயும் கிடைக்கல. நான் பாண்டி பஜார்ல ஒரு மருந்துக் கடைக்காரன் கால்ல விழாத குறையா வாங்கியாந்த மருந்து. அதை வெச்சி இவ கையை முறிச்சிட்டாரு."

"நரம்புல பட்டது தெரிஞ்சும் நிறுத்தாம ஏத்தினாரு. இதுதான் கேஸோட உயிர்." வக்கீல் பேப்பர் வெயிட்டை விரலால் நகர்த்தினார். "ஆனா ஒண்ணு எனக்கு விளங்கல. டாக்டர் நிக்கது இந்தப் பக்கம். வலது கை அவருக்குப் பக்கத்துல இருக்கு. இடது கை சுவத்தோரம். நோயாளி மேல குனிஞ்சு, எட்டி, சுவத்தோரத்துக் கையில ஏன் போடணும்? எட்டிப் போட்டாத்தானே ஊசி கோணலாப் போகும்?"

அகஸ்டின் மனைவியைப் பார்த்தான். வெரோனிகாதான் பேசினாள்.

"காய்ச்சல்ல கண்ணு திறக்க முடியல சார். ஆனா காதுல விழுந்துச்சு. 'சோத்துக்கை வேணாம், அந்தக் கையில போடலாம்'னு. டாக்டர்தான் சொன்னாரு."

"நீங்க இடக்கைக்காரின்னு அவருக்குத் தெரியுமா?"

"அவர் பொண்ணுங்க ரெண்டு பேரும் என் கிளாஸ்தான் சார். அவர் வீட்டுலயே உக்காந்து அவங்களைப் படம் வரைஞ்சு குடுத்திருக்கேன். தெரியாம இருக்குமா? அண்ணியும் அங்கதான் இருந்தாங்க. கேட்டுப் பாருங்க."

ஃப்ளோரா தலைமாட்டில் நின்ற கோந்து புட்டியைப் பார்த்தாள்.

அந்தக் குரல் டாக்டருடையது அல்ல. டாக்டர் வெரோனிகாவின் வலது கையில் பஞ்சைத் தேய்க்கக் குனிந்தார். அப்போது, 'சோத்துக்கை வேணாம் டாக்டர், வலியில பாவம் சாப்பிட முடியாது, அந்தக் கையில போடுங்க' என்றது ஃப்ளோராவின் வாய். யார் வீட்டில் யாருக்கு ஊசி போட்டாலும் பக்கத்தில் நிற்கிற பெண்பிள்ளை சொல்கிற வார்த்தைதான். யோசித்துச் சொல்வதில்லை, தும்மலுக்கு 'நூறு வயசு' சொல்வது போல அதுவாக வரும். மூன்று வேளையும் வெரோனிகா வலது கையால் சாப்பிடுவதைப் பார்த்துப் பழகியவள் அவள். அந்த ஒரு கணத்தில் மற்ற கைதான் வெரோனிகாவுடைய பிழைப்பு என்பது மறந்தே போயிற்று.

அது இன்றுவரை அவளுக்கு ஞாபகமே வரவில்லை என்பதுதான் விசித்திரம்.

"என்னம்மா, டாக்டர் சொன்னதை நீங்க கேட்டீங்களா?"

வெரோனிகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் பார்த்த அதே நம்பிக்கை, அதே கண்.

"ஆமா" என்றாள் ஃப்ளோரா. "கேட்டேன்."

வக்கீல் மேலும் ஒரு வினாடி அவளைப் பார்த்தார். வழக்கமாக இருபது வார்த்தை பேசுகிறவள் இரண்டே வார்த்தையில் நிறுத்தியது அவருக்கும் புதிதாகத்தான் இருந்திருக்க வேண்டும். "யோசிச்சுச் சொல்லுதேன், திங்கக்கிழமை வாங்க" என்று எழுந்துவிட்டார்.

தெருவுக்கு வந்ததும் அகஸ்டினுக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. "ஒத்துக்கிட்ட மாதிரிதான் அக்கா! நீ சொன்னப்போ அவர் முகத்தைப் பாத்தியா?" என்று கூடவே துள்ளி வந்தான். வெரோனிகா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க இல்லாட்டி இந்தக் கேஸே இல்ல அண்ணி" என்றாள்.

அந்த வார்த்தை ஃப்ளோராவைச் சுட்டது.

"நீங்க பஸ்ஸைப் பிடிச்சுப் போங்க. நான் நூல்கண்டு வாங்கிட்டுப் பின்னால வர்றேன்."

"நாங்களும் வர்றோமே?"

"வேணாம்னா வேணாம்! அவளுக்கு வெய்யில் ஆகாது. கூட்டிட்டுப் போடா."

அவர்களை அனுப்பிவிட்டு அவள் பார்க்கைச் சுற்றினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. மர நிழலில் பெஞ்சு காலியாக இருந்தது. உட்கார்ந்தாள், உடனே எழுந்தாள். சொன்னால் என்ன ஆகும்? வெரோனிகா வாழ்நாளெல்லாம் தன் முகத்தைப் பார்க்க மாட்டாள். தம்பி சொல்லவே வேண்டாம், பெண்டாட்டி அழுதால் கூடவே அழுகிற ஜாதி. சொல்லாவிட்டால்? பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். 'யேசு மரி சூசையே!' என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். எதிரே வந்த முறுக்குக்காரன் ஒதுங்கிப் போனான்.

மூன்றாவது சுற்றில் அவள் கால் வக்கீல் வீட்டுக்கே திரும்பிவிட்டது. வக்கீல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். ஆச்சரியப்படவில்லை.

"வருவீங்கன்னு நினைச்சேன். ரெண்டு வார்த்தையில பதில் சொல்லுத ஆளு இல்ல நீங்க."

"கேஸ் போச்சா சார்?"

"போகல. எந்தக் கையில போடணும்னு பக்கத்துல நிக்கவங்களைக் கேட்டா டாக்டர் போடணும்? கோணலா எட்டிக் குத்தச் சொல்லி நீங்க சட்டம் போட்டீங்களா? அது அவரு பொறுப்பு. அதோட, கத்தின பொறவும் நிறுத்தாதது அப்படியே இருக்குல்லா. அது போதும் எனக்கு."

ஃப்ளோராவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"ஆனா ஒண்ணும்மா. அந்த ரூம்ல டாக்டரும் இருந்தாரு. அவருக்கும் காது கேக்கும். நம்ம நோட்டீஸ் போன மறுநாளே, 'அந்த வீட்டு அம்மாதான் அந்தக் கையில போடச் சொல்லிச்சு'ன்னு பதில் வரும். உங்க தம்பி சம்சாரம் அதை எதிர்க்கட்சி வக்கீல் வாயில இருந்து முதல் தடவையாக் கேட்டாங்கன்னா, அன்னைக்குக் கேஸும் முடிஞ்சது, உங்க குடும்பமும் முடிஞ்சது. இன்னைக்கே சொல்லிடுங்க. கேட்டுட்டும் அவங்க கேஸ் வேணும்னா திங்கக்கிழமை வாங்க. இல்லன்னா வராதீங்க."

"சொல்லிடறேன் சார்."

"வேற ஏதாவது பாக்கி இருக்கா? எனக்குத் தெரியாம அந்த ரூம்ல இன்னொரு வார்த்தை இருக்கக் கூடாது."

"இல்ல சார். அவ்வளவுதான்."

அவளுக்கே அப்போது அது உண்மை என்றுதான் பட்டது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அகஸ்டின் மண்ணெண்ணெய் வாங்க கியூவில் நிற்கப் போயிருந்தான். வெரோனிகா ஜன்னலோரம் உட்கார்ந்து வலது கையால் மாம்பழம் வரையப் பழகிக்கொண்டிருந்தாள். மாம்பழம் கத்தரிக்காயாக வந்திருந்தது. "பாருங்க அண்ணி, இந்தக் கைக்குச் சோறு பிசைய மட்டும்தான் தெரியுது" என்று சிரித்தாள்.

ஃப்ளோரா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வெரோனி, 'சோத்துக்கை வேணாம்'னு சொன்னது டாக்டர் இல்ல. நான்தான்."

பென்சில் நின்றது.

"வக்கீல்கிட்ட பொய் சொல்லிட்டேன். அப்புறம் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிட்டேன். பழக்கத்துல வாயில வந்துடுச்சும்மா. நீ சாப்பிடக் கஷ்டப்படுவியேன்னுதான். நீ திங்கறதைத்தானே நான் தினமும் பாக்கறேன், வரையறதைப் பள்ளிக்கூடத்துலதானே பாக்கறாங்க... வேணும்னு சொல்லுவேனா? என் கை போயிருந்தாலும் இவ்வளவு வலிச்சிருக்காது வெரோனி!"

அழுவாள், கத்துவாள், பென்சிலை வீசுவாள் என்று எதிர்பார்த்தாள். அதில் ஒன்றாவது நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெரோனிகா மூங்கில் பத்தை கட்டிய கையை மற்ற கையால் தூக்கி மேஜை மேல் வைத்தாள்.

"எங்கம்மாவா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாங்க" என்றாள். "உங்க மேல எனக்குக் கோவம் வரும் போலத்தான் இருக்கு. ஆனா நீங்க வேணும்னு சொல்லலைன்னு தெரியும்."

ஃப்ளோரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. இந்தப் பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான் தான் வாழ்நாளில் செய்த ஒரே நல்ல காரியம் என்று தோன்றிற்று.

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா அண்ணி?"

"கேளும்மா. ஆயிரம் கேளு."

"நான் கத்தினேனே. அப்போ, நிறுத்துங்கன்னு அவர்கிட்ட சொன்னீங்களா?"

ஃப்ளோரா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் அந்த அறை முழுசாக அவள் கண் முன்னால் வந்து நின்றது. வெரோனிகா கத்தினாள். டாக்டர் ஊசியை நிறுத்தினார். நிறுத்தத்தான் செய்தார். பாதி மருந்து உள்ளே போயிருந்தது. என்ன செய்வது என்று தெரியாதவர் போல நிமிர்ந்து ஃப்ளோராவின் முகத்தைத்தான் பார்த்தார். அவள் வெரோனிகாவின் தோளை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "போடுங்க டாக்டர், போடுங்க. கிடைக்காத மருந்து, வீணாப் போயிடும்" என்றாள்.

"சொன்னீங்களா அண்ணி?" என்று வெரோனிகா மறுபடியும் கேட்டாள்.